ஆடாத குடுவை

வரைபடத்தில் பன்னிரண்டு விளக்குகள்.
நீளக் கம்பிகளில் தொங்கும் கண்ணாடிக் குடுவைகள்.
யெரெவானிலிருந்து பஞ்சு சுற்றி
மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

கியூம்ரியில், ரயிலடிக்குப் பின்னால்,
ஒரு காலத்தில் காலுறை பின்னிய கூடம்.
எந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை
எதற்கும் போகவில்லை.
"விடு, அதன்மேல் என் பாயைப் போட்டுக்கொள்கிறேன்,
வேறு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்,"
என்றாள் சாத்தெனிக்.

சுவருக்கு மோர் நிறம்.
ஆளுயரக் கண்ணாடி வேண்டாம் என்றதில்
எல்லாரும் ஒரே கட்சி.
உடைமாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள்.
கைப்பைக்கு, கையெட்டும் தூரத்தில் கொக்கி.
சரி, சரி என்று குறித்துக்கொண்டேன்
கெட்டிக்காரிபோல.

முதல் நாள். பதினெட்டுப் பாய்கள்.
கடைசி ஆசனத்துக்கு வந்தாள் ஸாருஹி.
அதன் பெயருக்கு என்ன பொருள் என்று
இந்த ஊரில் அவள் சொல்வதில்லை.
"கொஞ்சம் படுத்திருப்போம்" என்பாள், அவ்வளவுதான்.

ஒருத்தி பாயை அரை அடி நகர்த்தினாள்.
இன்னொருத்தி ஓரடி.
பெருக்கித் தள்ளியதுபோல
எல்லாப் பாய்களும் சுவரோரம்.
நடுக்கூடத்தில் என் பன்னிரண்டும்
யாருக்கும் இல்லாமல் எரிந்தன.

நான் எண்பத்தொன்பதில் பிறந்தவள், வேறு ஊரில்.
கூரை எனக்கு
வெள்ளையடிக்கும் பரப்பு.

ஷூஷான்தான் சொன்னாள்,
பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி, என்னைப் பார்க்காமல்:
"அன்றைக்கு முதலில் ஆடியது விளக்கு.
ரஷ்ய மொழி வகுப்பு. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.
யாரோ பந்தெறிந்தார்கள் என்று சிரித்தோம்."
இன்னொரு காலுக்கு முடிச்சுப் போட
ரொம்ப நேரம் ஆனது.

அன்றிரவே ஏணி போட்டு
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
வெளிச்சத்தைச் சுவரடிக்கு இறக்கினேன்,
முழங்கால் உயரத்துக்கு.
மேலே ஒன்றுமில்லை.
வெறுமை இத்தனை அழகா என்று
எனக்கே பெருமை.

மறு வாரம் வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.
நன்றி சொன்னார்கள்.
ஒரு பொட்டலம் ஆப்ரிகாட் வற்றல் தந்தார்கள்.
படுத்தார்கள்.
ஒரு கண்ணும் மூடவில்லை.

"ஒன்றை மட்டும் திரும்ப மாட்டு,"
கறையின் மேலிருந்து சாத்தெனிக்.
"மூலையில். யார் தலைக்கும் மேலே வேண்டாம்.
ஆனால் எல்லாருக்கும் தெரியணும்."
"எதற்கு?"
"ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ள."

ஒற்றைக் குடுவை. பல்புகூடப் போடவில்லை.
ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன்,
காற்றில் அது பொய் சொல்லிவிடக் கூடாது.

பதினெட்டுப் பேரும் அதையே பார்த்தார்கள்.
ஹீட்டர் முனகியது.
வெளியே பனி வாரும் லாரி ஒன்று போயிற்று.
எல்லா முகமும் மூலைக்குத் திரும்பி
மெல்ல நேரானது.

ஷூஷானின் இமை முதலில்.
அப்புறம் அவள் பக்கத்துப் பாய்.
மணியடிக்க மறந்து நின்றாள் ஸாருஹி.

எண்ணெய்க் கறைப் பக்கமிருந்து
ஒரு குறட்டை.