எண்ணிக்கை: ஒன்று

ரென் நகரிலிருந்து காப்பீட்டு ஆளாக
கமாரே துறைக்கு வந்திறங்கினேன், மழைக்கு முன்னால்.
வெங்காயம் ஏற்றிய பாய்மரப் படகு
மூடுபனியில் கரைச்சுவரை முட்டியிருந்தது.
படிவத்தில் பன்னிரண்டாம் கட்டம்: கயிறுகள்.
எண்ணினேன். முப்பத்தொன்று.
கையெழுத்துக்கு நீட்டினேன்.

ரிவால் பேனாவைத் தொடவில்லை.
"இந்தப் படகில் கயிறு ஒன்றுதான்."

காலடியில் ஒன்று சுருண்டு கிடந்தது, தோளில் ஒன்று,
அவன் சாய்ந்து நின்றதே ஒன்றின் மேல்.
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
கயிறு என்றால் இவர்களுக்குத் தூக்குக்கயிறு.
வாய்தவறிச் சொன்னவர்
மாலையில் எல்லாருக்கும் மது வாங்கித் தர வேண்டும்.
முப்பத்தொரு முறை சொன்னதாக
என் கணக்கை எழுதினார்கள்.

அன்றிரவு விடுதியில் அகராதி புரட்டினேன்,
தலை கொஞ்சம் சுற்றியபடி.
பாயை ஏற்றும் 'திரிஸ்' இத்தாலியில் பிறந்தது,
நிமிர்த்து என்று பொருள்.
மரத்தை இருபக்கமும் தாங்கும் 'ஓபான்'
வடகடலிலிருந்து சூறையாட வந்தவர்கள்
விட்டுப்போன தலைக்கட்டு.
கரையோடு பிணைக்கும் 'அமார்' டச்சுக்காரன் போட்ட முடிச்சு.
எல்லாம் யாரோ, எந்தத் துறையிலோ,
அவசரத்தில் கத்தியவை.
இரவல் வாங்கிய ஒருவனும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் கேட்டேன்: "எது அறுந்தது?"
"எக்கூட்" என்றாள் அசெனோர்.
எங்கள் மொழியில் அதே ஒலிக்குக்
'கேள்' என்றும் பொருள்.
"கேட்கிறேன், சொல்லுங்கள்."
"எக்கூட்."
"கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்."
கட்டுப்போட்ட வலக்கையை
என் முகத்துக்கு நேரே தூக்கினாள்.
மூன்று விரல்.
"அதன் பெயரே அதுதான்."

பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது அது.
காதுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை
என்கிறது அகராதி.
வடகடல்காரர்கள் பேச்சில் அது துணியின் மூலை,
முந்தானை நுனி.
காற்று அதைப் பறித்த வேகத்தில்
கையில் சுற்றிப் பிடித்தவளின்
இரண்டு விரல்களும் கூடப் போயின.

அந்த ஒற்றைக் கயிறு
மணியின் நாக்கில் தொங்கும் ஒரு முழம்.
அதை மட்டும் அப்படிச் சொல்லலாமாம்.
பனிக்குள் ரிவால் அதை இழுத்தபடியே இருந்தானாம்,
படகு முட்டிய பின்னும்,
அவளைக் கரைக்குத் தூக்கிப் போன பின்னும்,
யாரோ வந்து கையைப் பிரிக்கும்வரை.

கயிறுகள்: ஒன்று. சேதமில்லை.
அறுந்தது: எக்கூட்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி.
"கேள் என்று எழுதியிருக்கிறீர்களே,
யாரைக் கேட்பது?"

படிவத்தின் நகலை எடுத்தேன்.
இடக்கையால் போட்ட கையெழுத்து
சரிந்து, கோட்டைத் தாண்டி,
அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது.