இரண்டாவது சாவி

ஆம்பூரில் ரயிலிறங்கி
பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தவர்
எங்களுக்கு மதிப்பெண் போட்டார்.

சேவை: நான்குக்கு நான்கு.
தோல்ஷாப்பில் கை வெந்த
நாற்பத்தொரு பேரின் மருந்துச் சீட்டும்
தேதிவாரியாக இருந்தது.

கணக்கு: இரண்டு.
ஷமீம் முகம் சுருங்கியது.
மூன்று வரும் என்று
முந்தின ராத்திரியே சொல்லிவைத்திருந்தாள்.

அடுத்த கேள்வி சின்னது:
தைரியநாதன் சார் ஒரு மாதம் வராவிட்டால்?

மின்விசிறி சுற்றியது.
பீரோ சாவி அவர் சட்டைப்பையில்.
பணம் தருகிறவர்களின் நம்பரெல்லாம் அவர் தலையில்.
செக்கில் அவர் கையெழுத்து மட்டும்.
பதினெட்டு வருஷமாய்
இதைத்தான் நிறுவனம் என்று
சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒன்று, என்று எழுதினார்.

சார் எழுந்து வெளியே போனார்.
கோபம் என்று நினைத்தோம்.
டீ ஆறி ஏடு கட்டியது.

முக்கால் மணி கழித்து வந்தார்.
பஸ் ஸ்டாண்டு குடை ரிப்பேர்காரரிடம்
எழுபது ரூபாய்க்கு அடித்த சாவியை
ஷமீம் மேஜைமேல் வைத்தார்,
ஒன்றும் சொல்லாமல்.

போட்டுப் பார்த்தாள். திரும்பவில்லை.
பாதியில் சிக்கியது.

கொஞ்சம் அராவினால் போதும்
என்றார் வந்தவர்.
ஆனாலும் ஒன்றை இரண்டாக்கவில்லை.

ஷமீம் செருப்பை மாட்டிக்கொண்டு
எதிர்க் கடையில்
அரம் கேட்கப் போனாள்.