நான்கு வாஷர் மிச்சம்

விண்ட்ஹுக்கிலிருந்து லாரியில் வந்து இறங்கியது.
அறுபத்திரண்டு கிலோ. கறுப்புப் பூச்சு.
இறக்கிய பையன் ரசீதை நீட்டி
"எந்தச் சுவரை இடிக்கப் போகிறீர்கள்?" என்றான்.
சுவர் இல்லை தம்பி.
காமஞ்சாபுக்கு வடக்கே, இருட்டில்,
தார்ச்சாலை ஓரம் நிற்கும் திருகுகொம்பு மான்.
குதிரை உயரம். வெளிச்சத்தைக் கண்டால்
விலகாது,
வெளிச்சத்துக்குள்ளேயே குதிக்கும்.

என் ஹைலக்ஸுக்கு முப்பத்தாறு வயது.
எனக்கு நான்கு கூட.
அண்ணன் வேதாருஹே ஓட்டித் தேய்த்து,
வால்விஸ் பே துறைமுகத்தில் வேலை கிடைத்ததும்
ஆறு ஆடு வாங்கிக்கொண்டு என்னிடம் விட்டது.
"கேட்டுத் தூணில் ஒருமுறை உரசினேன்,
மற்றபடி அடிபடாத வண்டி" என்றான்.
அதற்காக ஓர் ஆடு கூடக் கேட்டான்.

எலிஃபாஸ் கரிசெப் சாக்கு விரித்து
அடியில் போனார்.
வெகுநேரம் கால்கள்தான் தெரிந்தன.
ஆறு போல்ட்டில் நான்கு
டீசல் ஊற்றியதும் மசிந்தன.
இரண்டு, துருவேறி,
சேசிஸைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தன.
கிரைண்டர் வைத்தார். பொறி பறந்தது.
மணலில் படுத்திருந்த கோழி
மாலைவரை திரும்பி வரவில்லை.

பழைய பம்பர் கையோடு வந்தது.
தகரம். குரோம் உரிந்த வெறும் தகரம்.
இதை நம்பியா
இத்தனை ராத்திரி நூறில் போனேன்?
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தூக்கிப்போய்
இரண்டு எண்ணெய் டின் மேல் வைத்து
பெஞ்சாக்கி உட்கார்ந்து
எங்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

புதியதைத் தூக்க நான்கு ஆள் வேண்டும் என்றது காகிதம்.
இருந்தது நாங்கள் இருவர்,
ஒரு ஜாக்கி, மூன்று டயர்,
ஒரு சிரிப்பு வந்தால் எல்லாம் விழும் என்ற நிலைமை.
வலப்பக்கம் ஓட்டைக்கு நேராக ஓட்டை.
இடப்பக்கம்
சுண்டுவிரல் அகலம் தள்ளி நின்றது.
எலிஃபாஸ் நாக்கை அண்ணத்தில் சொடுக்கி
தன் மொழியில் ஏதோ சொன்னார்.
அர்த்தம் கேட்கவில்லை.
நூல் கட்டிப் பார்த்தார்.
பம்பர் நேர்.
வண்டிதான் கோணல்.

ஸ்க்ரூடிரைவரால் சேசிஸ் மடிப்பைக் குடைந்தார்.
நீட்டிய உள்ளங்கையில்
நகம்போல் ஒரு கொம்புச் சிம்பு,
துருவோடு ஒட்டிய சாம்பல் மயிர் நாலைந்து.
"உன் அண்ணன் வீட்டுத் தூணுக்கு
முடி முளைக்குமா?"

எட்டு வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு
இரண்டு மூட்டை உப்புக்கண்டத்தோடு வந்தான் அவன்.
சந்தையில் மலிவு என்றான்.
விலை கேட்டாள் அம்மா.
கூரையைப் பார்த்தான்.
ஈஸ்டர் வரை தின்றோம், ஒருவரும் மறுபடி கேட்கவில்லை.

போன் போட்டேன்.
"வேதா, அந்தத் தூணுக்குக் கொம்பு இருந்ததா?"
கொஞ்சநேரம் கடல்காற்று மட்டும்.
பிறகு:
"நீ எத்தனை துண்டு தின்றாய்? அதைச் சொல் முதலில்."

சேசிஸை நிமிர்த்தப் பட்டறை வேண்டும், பணம் வேண்டும்.
ஓட்டையை நீட்ட ஓர் அரம் போதும்.
மாறிமாறித் தேய்த்தோம்.
வட்டம் முட்டையாயிற்று.
கோணலுக்குத் தக்க கோணலில்
போல்ட் உள்ளே போனபோது
பெஞ்சிலிருந்து கைதட்டல்.

மூக்கு கனத்து வண்டி இரண்டு விரல் குனிந்தது.
முன்விளக்கு தரையைத் தேடியது.
தேவாலயச் சுவருக்கு எதிரே நிறுத்தி
திருகித் திருகி நிமிர்த்தினோம்.

வெள்ளி இரவு. பின்னால் பதினோரு ஆடு.
வளைவு தாண்டியதும் நின்றது அது,
கொம்பில் மூன்று முறுக்கு, கண்ணில் இரண்டு பச்சை.
அறுபத்திரண்டு கிலோ என்னோடு இருக்கிறது.
ஆனாலும் கால் பிரேக்குக்குத்தான் போனது.
விளக்கைத் தாழ்த்தினேன். காத்திருந்தேன்.
ஆடுகள் திட்டின.
நின்ற இடத்திலிருந்தே எழும்பி
வேலிக்கு அப்பால் போயிற்று,
ஓடிவராமல், ஒரு சத்தமில்லாமல்.

சத்தம் என்றால் ஒன்றுதான்:
சாம்பல் கிண்ணத்தில் நான்கு வாஷர்.
எங்கோ போட்டிருக்க வேண்டியவை.
எங்கே என்று எலிஃபாஸுக்கும் தெரியவில்லை.
மண்சாலை வந்தால்
தங்களுக்குள் பேச ஆரம்பிக்கின்றன.