கெண்டை

முப்பத்தெட்டுப் படி.
ஜிடிபி நகர் மேம்பாலத்தில்
பத்தொன்பது வருஷம் எண்ணாமல் ஏறியவள்
போன சித்திரையில் எண்ண ஆரம்பித்தேன்.

பதினொன்றில் தொடை கல்லாகும்.
இருபத்திரண்டில், பான் கறை படிந்த மூலையில் நின்று
யாரோ போனில் கூப்பிட்டதுபோல் நடிப்பேன்.
‘சலோ ஆன்ட்டி, சலோ’ என்று
கூட்டம் என்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஏறும்.

கொழுப்பு என்று மாமியார் சொன்னாள்
பதில் பேசிய நாளெல்லாம்.
கொழுப்பு என்று மேனேஜர் நினைத்தான்
சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட அன்று.
லேப்காரன்தான் அதை அளந்து சொன்னான்:
கெட்டது மட்டும் நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

டாக்டர் கார்கானிஸ் சிரிக்கவில்லை.
தம்பி எத்தனை வயதில் போனான் என்று கேட்டார்.
நாற்பத்தொன்பது.
தாராவி டெப்போ எதிரில்
ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு
அதன்மேலேயே சாய்ந்துவிட்டான் சற்குணம்.
சாவி ஆடிக்கொண்டிருந்ததாம்.
டாக்டர் எழுதினார்: இரவுக்கு ஒன்று.
துவரம்பருப்பு அளவு, ரோஜா நிறம்.

ஆறாவது வாரம், நடுச்சாமத்தில்
கெண்டை துள்ளியது.
காலுக்குள் ஒரு மீனைப் பேர்வைத்து விட்டவர்கள்
பட்டுத்தான் வைத்திருக்கவேண்டும்.
கரையில் எறிந்ததுபோல்
அது வளைந்து வளைந்து அடிக்க
கட்டிலைவிட்டு இறங்கி
சில்லென்ற தரையில் பாதத்தை ஊன்றினேன்.
தூக்கத்திலேயே செல்லப்பாண்டி கேட்டார்,
‘யாரு வந்திருக்கா?’
‘மீனு’ என்றேன்.
‘வாங்கி வை’ என்று திரும்பிப் படுத்தார்.

வெந்நீர், தைலம், கால்மாட்டில் தலையணை.
ஆபீஸ் ஃபர்சானா வாழைப்பழம் என்றாள்.
கீழ்வீட்டு கோமதியக்கா
மாத்திரையைக் கடாசிட்டுப் பூண்டைத் தின்னு என்றாள்.
அவள் சொல்லும்போது நியாயமாகத்தான் பட்டது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.
தசைக்கு ஒன்றுமில்லையாம்.
காகிதத்தில் இல்லாத வலியை
எந்தக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது?
‘காகிதம் கிடக்கட்டும்’ என்றார் கார்கானிஸ்.
‘இரண்டு வாரம் நிறுத்துங்கள். யார் குற்றவாளி என்று பார்ப்போம்.’

ஒன்பதாம் நாள் பாலத்தின் உச்சியில்தான் கவனித்தேன்,
எண்ணவே இல்லை.
அன்று ராத்திரி தலையணையில் காதை வைத்தால்
நெஞ்சு கேட்கிறது.
ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில்
ஒரு சாவி ஆடுகிறது.
கால்வலியே தேவலை என்று
கால்வலி இல்லாதபோது தோன்றியது.

இப்போது வேறு மாத்திரை,
அளவு பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள்.
வலி வந்தது. குஞ்சு மீன்.
வயசா, படியா, மாத்திரையா
என்று கேட்டால் மூன்றும் வாயைத் திறப்பதில்லை.

நேற்று சாயங்காலம் மஸ்ஜித்தில்
படிக்கு நேராக வந்து நின்ற பெட்டியில் ஏறிவிட்டேன்.
லக்கேஜ் பெட்டி.
நடந்து போய் லேடீஸைத் தேட இந்தக் கால் ஒப்பவில்லை.
கதவோரம் ஒரு மீன்காரி,
விற்றுத் தீர்ந்த கூடை.
என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.
‘பாய் துக்தாத் கா?’
என்று மராத்தியில் கேட்டு
வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.
உட்கார்ந்தேன்.
அவள் கெண்டைக்காலில் நரம்பு
ஊதா நூல்கண்டாகச் சுருண்டிருந்தது.
எந்த மாத்திரை என்று கேட்க வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
உருகிய ஐஸ் தண்ணீர்
கூடையிலிருந்து என் செருப்புக்குள் ஒழுகியது.
காலை நகர்த்தவில்லை. இதமாக இருந்தது.
சிவ்ரி வந்தது, வடாலா வந்தது.

எங்கள் பாலத்தில் ஏறும்போது
இன்று மாத்திரை நாளா, இல்லாத நாளா
என்று யோசித்துக்கொண்டே போனேன்.
பதினாலா பதினைந்தா,
படியா தேதியா,
எங்கேயோ தவறிவிட்டது.
உடம்பெல்லாம் மீன் வாசத்தோடு
கைப்பிடியைப் பிடித்து நின்றேன்.
திரும்ப இறங்கியா எண்ண முடியும்?
மிச்சம் எத்தனையோ, ஏறினேன்.