வரி முடியும்வரை

அதிகாலை மூன்று பத்துக்கு மர்ஸுக்கி அழைத்தார்.
"காக், உங்கள் மிஷின் கிலா."
ஊட்லண்ட்ஸிலிருந்து டாக்சி. வழியெல்லாம் மழை.

ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில்
ஐஸ் உருகி ஓடும் தரை முழுக்கக் காகிதம்.
எடை? எடை? எடை? எடை?
சூடைப் பெட்டிகளின் மேல், என் சப்பாத்தின் மேல்.
தராசுத் தட்டிலும் ஒரு சுருள் ஏறி
தன்னையே நிறுத்துக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டோடு கிலோவையும் சேர்த்து அடித்திருக்கிறார்.
இருபது வருஷம் கையால் எழுதிய பழக்கம்.
என் ஸ்கேன்எஃப் நாற்பத்திரண்டை விழுங்கியது.
கிலோவை வாசலிலேயே நிறுத்திவிட்டு
அடுத்த எடை கேட்டது. வாசலில் அதே கிலோ.
எண் இல்லையே என்றது. மறுபடி கேட்டது.
விசைப்பலகையில் ஒரு விரலும் இல்லை.
கிலோவால் வந்த கிலா.

"தப்பு என்னுதா?" கையுறையைக் கழற்றியபடி கேட்டார்.
மேலாளரின் குறுஞ்செய்தி ஏற்கனவே வந்திருந்தது:
பயனர் பிழை.
இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.
அந்த நிமிஷம் இன்னும் எங்கோ படிக்கப்படாமல் கிடக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன்.
பெட்டியொன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதினேன்.
முதலில் வரியை முழுசாக வாங்கு. அப்புறம் பார்,
எண் எங்கே முடிகிறது, ஒட்டியிருப்பது என்ன.
வெறும் கிலோ என்றால் விட்டுவிடு.
கேபிள் அறுந்தால் வருவது எழுத்தல்ல, குறை ஒன்று;
அதை எழுத்துக்கான சின்னக் குவளையில் ஏந்தாதே,
முழு எண்ணில் ஏந்து.
ஈரக் கையுறையால் அடித்துப் பார்த்தேன். முழங்கையால்.
உறைந்த கொடுவாயின் வாலால்.
எண்பது பூஜ்யம், வரிசையாக. தாங்கியது.

ஐந்தே முக்காலுக்கு ஷிஃப்ட் மாற வந்தவள்
பெயர் கேட்ட இடத்தில் தமிழில் அடித்தாள்:
அங்கயற்கண்ணி.
திரையில் அங்கயற்கண், அதன்பின்
கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

அவளுக்கும் எனக்கும் அது எட்டெழுத்து.
மிஷினுக்கு முப்பத்தாறு பைட்.
நான் கட்டிய தொட்டி முப்பத்திரண்டு,
அதிலும் ஒன்று முடிவுக்குறிக்குப் போய்விடும்.
கயல் போன்ற கண்ணுள்ளவள்
மீன் சந்தையில், கண்ணோடு வெட்டுப்பட்டாள்.
வெட்டிய துண்டு அடுத்த கேள்விக்குள் நழுவியது.
அவள் எதையும் தொடுமுன்பே
எண் இல்லை, மறுபடி அடிக்கவும் என்றது திரை.
எடைக்கு மட்டும் மிச்சத்தைக் கழுவியிருந்தேன்.
பெயருக்கும் மிச்சம் உண்டென்று தோன்றவே இல்லை.

"எந்த ஃபாரத்துலயும் எனக்குக் கட்டம் பத்தாது," என்றாள்,
சிரித்தமாதிரி.
இருநூற்று ஐம்பத்தாறு போட்டேன்.
அதுவும் நிரம்பினால், வரி முடியும்வரை படித்துக் கொட்டிவிட்டு
மரியாதையாக இன்னொரு முறை கேள் என்று சேர்த்தேன்.
மேலாளருக்கு இரண்டே சொல்: பிழை என்னுடையது.

மர்ஸுக்கி கோப்பி-ஓ நீட்டினார்.
"காக், அப்போ நான் கேட்டப்ப நீங்க..." என்று தொடங்கி
தூரத்து ஃபோர்க்லிஃப்டைப் பார்த்தார்.
என் நாக்கில் பதில் தயாராக இருந்தது.
அவர் இன்னும் என்டர் தட்டவில்லை.