இதர இனங்கள்

பந்து எறிகிறவனுக்குக் கூலி எழுத
கிளப் பேரேட்டில் பத்தி கிடையாது.
குதிரைக் கொள்ளு, மண்ணெண்ணெய், எல்லாவற்றுக்கும் கீழே
'இதர இனங்கள்' என்றொரு மூலை இருந்தது.
அங்கேதான் எழுதினேன்:
பூம்பாறை குழந்தைவேலு மன்னாடி,
பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்,
ஜெயித்தால் மேற்கொண்டு நாலணா.

பூண்டுக் காட்டில் பன்றி விரட்டிய கை.
கவண்கூட வேண்டாம்,
அறுபது தப்படிக்கு வெறுங்கல் போதும்.
அதைப் பாதிரி துரை ஒருவர் பார்த்துவிட்டார்.

மட்டை பிடித்தவர் தோளைத் திருப்புமுன்
பின்னால் குந்தியிருப்பவன் தோலுறையில்
பந்து சத்தம் போட்டிருக்கும்.

மே மாதம் ஏழு ஆட்டம். ஐந்தில் வெற்றி.
எட்டு ரூபாய் நாலணா.
செயலாளர் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குக் கழித்தது
ஒரு ரூபாய் இரண்டணா.
மீதியைத் தலைப்பாகையில் முடிந்துகொண்டு
மேகத்துக்குள் பதினோரு மைல் நடந்தான்.

மறுவருஷம் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்தார்.
பதினைந்து ரூபாய், ரயில் சார்ஜ் தனி.
அன்று ராத்திரியே எங்கள் கிளப்பில்
ஒரு காகிதம் டைப் ஆயிற்று:
ஆட்டத்துக்கு இரண்டு ரூபாய்.
வேறு எவருக்கும், எங்கும், எப்போதும்
எறியக் கூடாது.
தமிழில் படித்துச் சொன்னது நான்.
'எப்போதும்' என்ற இடத்தில்
என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

"பன்றிக்கு எறியலாமா, கணக்கப்பிள்ளை?"

செயலாளர் சிரித்தார்.
பன்றியைக் காகிதத்தில் சேர்க்கவில்லை.

நாலாம் வருஷம், இரண்டாவது ஆட்டத்தில், தோள் போயிற்று.
தைலத்துக்கு எட்டணா. இதர இனங்கள்.
பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.
காகிதத்தை யாரும் அடிக்கவில்லை,
அது இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

ஆக மொத்தம் முப்பத்து மூன்று ரூபாய் பத்தணா.
மூன்று மூட்டை விதைப்பூண்டு,
அடகிலிருந்து திரும்பிய ஒரு ஜோடித் தோடு.
இதைக் கூட்டிப் போட
எனக்கு மாதம் பதினெட்டு ரூபாய்.

அடுத்த மே, கயிற்றுக்கு வெளியே
விறகுக்கட்டை இறக்கிவைத்து நின்றான்.
தப்பிப் பறந்த பந்தொன்று
அவன் காலடியில் வந்து கிடந்தது.
"எறி, எறி" என்றார்கள் உள்ளேயிருந்து.

அவன் என்னைப் பார்த்தான்.
"எறிந்தால் கூலியா, அபராதமா?"

அவர்கள் வாங்கியது வலக்கையை.
ரேகை பதித்தது இடக்கைப் பெருவிரல்.
அந்தக் கையால் எடுத்து,
குனிந்து,
புல்லில் உருட்டிவிட்டான்.

பாதி தூரம் போய் நின்றது.
செயலாளரே நடந்து வந்து எடுத்துக்கொண்டார்.