உப்புக் கிடங்கு, ரீகா

விரிசல் அளப்பவன் நான். நகராட்சிச் சம்பளம்.
இந்தக் கட்டடத்துக்கு வருடம் இரண்டு முறை.
கிழக்குச் சுவர் மறுபடி பூத்திருக்கிறது,
போன வாரம்தான் வெள்ளையடித்தார்களாம்.

லூபெக்கிலிருந்து கப்பலில் வந்த உப்பை
இந்தச் சுவரோரம்தான் அடுக்கினார்கள்,
மூன்று ஆள் உயரம்.
எடை பார்த்தவன் பெயர் கணக்கேட்டில் உண்டு: டீட்ரிக் ப்ராம்.
மூட்டைக்கு ஒரு பிடி குறைத்தான் என்ற புகாரும்
அதே பக்கத்தில், வேறு மையில்.

பிறகு குதிரைகள்.
ஸ்வீடன்காரர்களுடையவை என்கிறது ஓர் ஏடு,
ஜார் மன்னனுடையவை என்கிறது இன்னொன்று.
யாருடையவையோ,
இரவெல்லாம் சுவரை நக்கி நக்கி
நாக்கு உயரத்தில் ஒரு பள்ளம் செய்துவிட்டுப்
போருக்குப் போயின.

அதை மறைக்கத்தான் சினிமாக்காரர்கள்
சிவப்பு வெல்வெட் தொங்கவிட்டார்கள்.
டிக்கெட் கிழித்த வெல்டா ஓசோலா சொல்வாள்:
சிரிப்புப் படம் பார்த்தவர்களும்
உதட்டில் கரிப்போடுதான் வெளியே வருவார்கள்.

இப்போது வங்கி.
மேலாளர் கேட்கிறார், இது எப்போது நிற்கும்?
உப்புத் தின்ற சுவர், ஐயா,
தண்ணீர் குடிக்கிறது.
டௌகவா பக்கத்தில்தானே ஓடுகிறது.

அவர் சிரிக்கவில்லை.
அரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, எழுதிக்கொள்கிறேன்.
அவர் தொலைபேசிக்குத் திரும்பியதும்
புதுச் சுண்ணாம்பைத் தடவி, பள்ளத்தைக் கண்டுபிடித்து,
விரலை நாக்கில் வைக்கிறேன்.

டீட்ரிக் குறைத்த பிடி
இங்கேதான் இருக்கிறது போல.